ஏரியைத் தாண்டி வரும் காற்று: ஹோட்டன் கவுண்டியில் ஒன்பது குளிர்காலம்

நவம்பர் பிறந்ததும் தொண்டியிலிருந்து அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, "ஏண்டி, அங்கே எத்தனை அடி பனி?" என்பதுதான். முதல் இரண்டு வருஷம் நானும் அங்குலக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, "வாடை அடிக்குதும்மா, ராத்திரி கொட்டும்" என்று சொல்கிறேன். அம்மாவுக்கு அது உடனே புரிகிறது. எங்கள் தாத்தா கடற்கரையில் நின்று வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். அவர் சொல்லிக் கொடுத்ததை நான் பயன்படுத்த வேண்டிவந்த இடம், அமெரிக்காவின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியை அப்பர் பெனின்சுலா என்பார்கள். அதிலிருந்து ஒரு விரல் போல ஏரிக்குள் நீண்டிருப்பது கீவினா தீபகற்பம். அந்த விரலின் நடுப்பகுதிதான் ஹோட்டன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஒரு காலத்தில் செம்புச் சுரங்க பூமி. இப்போது மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான் ஊரின் உயிர்நாடி. என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்து 2016 ஆகஸ்டில் வந்து இறங்கினோம். ஒன்பது குளிர்காலம் முடிந்து பத்தாவது தொடங்கியிருக்கிறது. புதிதாக வரும் நம் பிள்ளைகள் வருஷா வருஷம் அதே கேள்விகளோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த ஊர் என்பதால் பனி கொட்டுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குளிர் மட்டும் போதாது. கனடாப் பக்கமிருந்து வரும் காற்று வறண்ட காற்று, அதில் ஈரமே இருக்காது. ஈரத்தைக் கொடுப்பது ஏரி. சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். அவ்வளவு தண்ணீர் சீக்கிரம் ஆறாது. நவம்பர், டிசம்பரில் காற்று உறைநிலைக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி இருக்கும்போது, ஏரித் தண்ணீர் இன்னும் உறையாமல் கிடக்கும். அதன்மேல் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று நெடுந்தூரம் ஓடி வரும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொள்கிறது. கீவினாவின் மேட்டு நிலத்தில் மோதி மேலே ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது.

வங்காள விரிகுடாவில் ஈரம் குடித்துக்கொண்டு வடகிழக்குக் காற்று நம் கரைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவருகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். மாதம்கூட ஒத்துப்போகிறது. இதை என் மனசு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து இந்த ஊர் எனக்கு அந்நியமாக இல்லை.

ஹோட்டனில் சாதாரண வருஷத்திலேயே 200 அங்குலத்தை ஒட்டிப் பனி விழும். வடக்கே மோஹாக் ஊரைத் தாண்டி யூ.எஸ். 41 சாலையோரம் உயரமான ஒரு பனிமானி நிற்கிறது. 1978-79 குளிர்காலத்தில் எங்களுக்கு வடக்கே இருக்கும் கீவினா கவுண்டியில் விழுந்த 390.4 அங்குலம் அதன் உச்சியில் குறிக்கப்பட்டிருக்கிறது. முப்பத்திரண்டு அடிக்கும் மேல்! இதைக் கேட்டு பயப்பட வேண்டாம். அது அந்தப் பருவம் முழுக்க விழுந்த பனியின் கூட்டுத்தொகை. விழுந்த பனி அமுங்கும், கொஞ்சம் உருகும், காற்று கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். தரையில் எந்த நேரத்திலும் நிற்பது இரண்டு, மூன்று அடி அளவில்தான் இருக்கும். ஒதுக்கிவைத்த பனி மட்டும் சாலையோரம் சுவராக எழும்.

அதனால் வானிலை அறிக்கையில் நான் அங்குலத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் காற்றின் திசை, அடுத்து வெப்பநிலை. வடமேற்குக் காற்று, மைனஸ் 10 என்றால் வருவது பஞ்சு மாதிரியான உலர்பனி. இருபது அங்குலம் விழுந்தாலும் உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர்தான் தேறும். வாசற்படியில் கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடலாம். தெற்கிலிருந்து பெரிய புயல் ஏறி வருகிறது, வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருக்கிறது என்றால் கவனம். அப்போது விழும் ஆறு அங்குலத்திலேயே அதே ஓர் அங்குலத் தண்ணீர் இருக்கும். இடுப்பை ஒடிப்பதும், மின்கம்பியை அறுப்பதும், கூரையை அழுத்துவதும் அந்த ஈரப்பனிதான்.

சாலைக்கும் இதே கணக்குதான். மைனஸ் 15-இல் பனிமேல் நடந்தால் சோளமாவுப் பொட்டலத்தை விரலால் அழுத்தும்போது கேட்கும் அதே 'கிறுக் கிறுக்' சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கால் அவ்வளவாக வழுக்காது, டயரும் ஓரளவு பிடிக்கும். சுழியத்தில் பனிக்கட்டி மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதுதான் ஆளைக் கவிழ்க்கும். நான் விழுந்து மணிக்கட்டு வீங்கியது பெரும்பனி நாளில் இல்லை. மார்ச் மாதம், வெயில் அடித்த ஒரு மத்தியானம், மருந்துக் கடை வாசலில்.

பனி அள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே வாழ்க்கையில் பாதி அதுதான். முதல் டிசம்பரில் சாதாரண மண்வெட்டி மாதிரியான ஒன்றை வைத்து டிரைவ்வேயை, அதாவது சாலையிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் வழியை, வழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பதை நெருங்கியவர், பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு தன் ஸ்கூப்பை உருட்டிக்கொண்டு வந்தார். அகலமான இரும்பு முறம் ஒன்றுக்கு நீளமான வளைந்த கைப்பிடி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் ஸ்கூப். இந்தப் பகுதியில் அது இல்லாத வீடே கிடையாது. "தூக்காதேம்மா, தள்ளு" என்றார். முறத்தை அடியில் செலுத்தி, கைப்பிடியைக் கொஞ்சம் கீழே அழுத்தினால், பனி முறத்துக்குள் சாய்ந்து உட்காரும். அப்படியே வழுக்கிக்கொண்டு போய்க் குவியல்மேல் ஏற்றி, கைப்பிடியைத் தூக்கினால் கொட்டிவிடும். கையில் பாரமே ஏறாது. எண்பது வயதில் அவர் மூச்சு வாங்காமல் வேலை செய்தது எப்படி என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவர் சொன்ன இன்னொன்று அதைவிடப் பெரிது. நவம்பரில் விழும் முதல் பனியை எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொட்ட முடியுமோ அவ்வளவு தூரம் கொட்டு என்றார். நான் அலட்சியமாக டிரைவ்வே ஓரத்திலேயே ஒதுக்கி வைத்தேன். ஜனவரி நடுவில் இரண்டு பக்கமும் குவியல் என் தோளைத் தாண்டி, கல்லாக இறுகிவிட்டது. புதிதாக விழும் பனியைக் கொட்ட இடமே இல்லை. கார் நுழையும் வழி வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே போனது. இப்போது நவம்பரிலேயே தோட்டத்தின் கடைசி வரைக்கும் தள்ளிவிடுகிறேன். எதிரே சாலையில் தள்ளிவிடலாமே என்று தோன்றும். மிச்சிகன் சட்டப்படி அது கூடாது. இரவில் யாராவது அதில் மோதினால் அந்தப் பழி நம்முடையது.

சாலைப் பனியை வழிக்கும் ப்ளவ் லாரி போனபின் டிரைவ்வே வாசலில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். கட்டிகட்டியாக, அழுக்காக இருக்கும். அலுப்பாக இருந்தாலும் அதை உடனே எடுத்துவிடுங்கள். ராத்திரி விட்டால் காலையில் கடப்பாரைதான் வேண்டும். இரவில் தெருவில் காரை நிறுத்த குளிர்காலம் முழுக்கத் தடை உண்டு. வாடகை வீடு பார்க்கும்போதே கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு உண்மையிலேயே ஆபத்து வந்த நாள் ஒன்று உண்டு. இரண்டாவது குளிர்காலம், ஜனவரி. இரவெல்லாம் காற்றோடு பனி. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தை குளிரில் அழுதது. எழுந்து பார்த்தால் வீட்டுக்குள் 11 டிகிரி, வெளியே மைனஸ் 19. ஹீட்டர் நின்றிருந்தது. பழுது பார்ப்பவரை அழைத்தோம். வந்தவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. நேராக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஹீட்டர் காற்றை இழுக்கவும் புகையை விடவும் சுவரிலிருந்து வெளியே நீட்டியிருந்த வெள்ளைக் குழாய் இரண்டும் காற்று வாரிக் குவித்த பனிக்குள் புதைந்திருந்தன. கையாலேயே தோண்டி எடுத்தார். ஹீட்டர் ஓடத் தொடங்கியது. "உங்களுடையது புது இயந்திரம், மூச்சு அடைத்ததும் தானே நின்றுவிட்டது. பழசாக இருந்தால் புகையை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கும்" என்றார். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத வாயு. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அன்றைக்கே அதற்கான அலாரம் மூன்று வாங்கி, படுக்கையறைகள் பக்கம் மாட்டினோம்.

குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பனி விழும் முன்பே பார்த்து வையுங்கள். பக்கத்தில் ஒரு கழி நட்டு அடையாளம் வையுங்கள். பெரும்பனி நாளில் டிரைவ்வேக்கு முன்னால் அதைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். காருக்கும் இதேதான். பனியில் கார் சிக்கி, ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியிருந்தால், முதலில் இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றித் தோண்டிவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி இங்கே அச்சு அசலாக நடக்கிறது. மூன்றாம் வருஷம் பிப்ரவரி கடைசியில், எங்கள் சாமி அலமாரிக்கு மேலே கூரையில் காபிக் கறை மாதிரி ஒரு வட்டம் வந்தது. இரண்டு நாளில் சொட்டத் தொடங்கியது. வெளியே மைனஸ் 8. தண்ணீர் எப்படி வரும்? வீட்டுச் சூடு கசிந்து மச்சுக்குள் ஏறி, கூரைமேல் கிடக்கும் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய நீர் வழிந்து கூரை விளிம்புக்கு வந்ததும், அங்கே சூடு இல்லாததால் மறுபடி உறைந்து அணையாகிறது. பின்னால் வரும் நீர் அந்த அணையில் தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டுகிறது. விளிம்பில் தொங்கும் நீளமான பனி ஈட்டிகளைப் பார்த்து நான் முதல் வருஷம் அழகென்று போட்டோ எடுத்தேன். அவை வீட்டின் சூடு வீணாகிறது என்பதற்கான அறிகுறி. மச்சில் வெப்பக்காப்புப் பஞ்சைக் கூட்டிப் போட்டதும் சரியாகிவிட்டது. கூடவே, நீளக் கம்பு வைத்த வாரியால் தரையில் நின்றபடியே விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அடிக்குப் பனியை இழுத்துவிடுகிறோம். கூரைமேல் ஏறாதீர்கள். தகரக் கூரை வீடுகளின் ஓரத்தில் குழந்தைகளை விளையாடவும் விடாதீர்கள். மொத்தப் பனியும் ஒரே சரிவாக இறங்கும்.

பனியைப் பகையாக மட்டும் பார்க்கவும் கூடாது. பெரியவர் தன் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி வேண்டுமென்றே பனியை அணைத்து வைப்பார். பனிக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது கம்பளி மாதிரி. பனிப் போர்வை இருக்கும் தரையில் உறைவு ஆழமாக இறங்காது, தண்ணீர்க் குழாய் தப்பிக்கும். பனியே இல்லாமல் கடுங்குளிர் மட்டும் வந்தால் குழாய் உறையும் ஆபத்து அதிகம். அந்த மாதிரி இரவுகளில் ஒரு குழாயைப் பென்சில் பருமனுக்குத் திறந்து ஓட விடுகிறோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவையும் திறந்து வைக்கிறோம்.

ஏரியும் அப்படித்தான், கொட்டுவதும் அது, காப்பதும் அது. தண்ணீரின் சூட்டால் எங்கள் ஜனவரி சராசரி பகலில் மைனஸ் 6, இரவில் மைனஸ் 13 என்ற அளவில் நிற்கிறது. ஏரியின் தயவு எட்டாத உள்நாட்டில், மினசோட்டாவின் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2-ஆம் தேதி மைனஸ் 51 வரை போனது. பிப்ரவரியில் ஏரிமேல் பனிக்கட்டி பரவப் பரவ, காற்றுக்கு ஈரம் கிடைக்காமல் எங்கள் பனி குறையும், குளிர் கூர்மையாகும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் அந்த நாட்களில்தான் உடம்பை மூடுவதில் கவனம் வேண்டும். காற்றையும் சேர்த்து உடலுக்குத் தெரியும் குளிர் மைனஸ் 28 என்றால், திறந்த தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்த்தால் ஈரம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பளி, நடுவில் கனமான ஒன்று, மேலே காற்றைத் தடுப்பது என்று மூன்று அடுக்கு. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு காக்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போன அன்று, கார் வரைக்கும் நடப்பதற்குள் என் பின்னல் நுனி குச்சியாக விறைத்துவிட்டது.

கார் ஓட்டுகிறவர்களுக்கு: எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் நான்கும் போடுங்கள். ரொம்பக் குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் இங்கே சாலையில் மணல் தூவுகிறார்கள். வண்டியில் ஒரு மூட்டை மணல், சின்ன மண்வெட்டி, போர்வை எப்போதும் இருக்கட்டும். போனில் வழி காட்டும் செயலியை நம்பிக் கிளைச் சாலையில் திரும்பாதீர்கள். குளிர்காலத்தில் பனி வழிக்கப்படாத சாலை என்று பலகை வைத்த சாலைகள் கவுண்டி முழுக்க இருக்கின்றன. செயலிக்கு அது தெரியாமல் போகலாம். பனிச்சுவர் மறைக்கும் முனைகளில் எதிரே வண்டி வருவது தெரிவதற்காக, கார் ஆன்டெனாவில் சின்னக் கொடி கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது விளையாட்டுக்கு இல்லை, நீங்களும் கட்டுங்கள்.

பனியைவிட என்னை வாட்டியது இருட்டு. கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கோரத்தில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க காலை 8:40 ஆகும், ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். இருக்கிற பகலையும் ஏரி மேகம் மூடிவிடும். இரண்டாவது வருஷம் காரணமில்லாமல் அழுதேன், சமைக்கப் பிடிக்கவில்லை. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் டி மிகக் குறைவு என்றார். மாத்திரையோடு, காலையில் அரை மணி பிரகாசமான விளக்குமுன் உட்காரவும் சொன்னார். அதைவிட உதவியது, என்ன பனியானாலும் மத்தியானம் ஒரு நடை போவது. தனியாக வரும் மாணவர்களிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மனசு கனத்தால் அதைப் படிப்பு அழுத்தம் என்று ஒதுக்காதீர்கள், யாரிடமாவது பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி. தோசை மாவு புளிக்க வைக்கவும் கற்றுத் தருகிறேன். ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும்.

ஜனவரி கடைசியில் பக்கத்து ஊரான ஹான்காக்கில் ஹெய்க்கின்பைவா என்று ஒரு பின்லாந்து விழா நடக்கும். குளிர்காலத்தின் நடுப்பகுதி வந்துவிட்டது, குகையில் தூங்கும் கரடி மறுபக்கம் புரண்டு படுக்கிறது என்பது அவர்களுடைய சொலவடை. வைக்கோலில் பாதி மிச்சம் இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் அன்றைக்குத்தான் பார்ப்பார்களாம். நானும் அன்று எங்கள் விறகையும் மணலையும் பார்ப்பேன். பாதி இருந்தால் ஏப்ரல் வரை தாங்கும். பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் குளிர்கால விழா. 1922-இல் தொடங்கியது. மாணவர்கள் வாரக்கணக்கில் பனியையும் பனிக்கட்டியையும் செதுக்கி வீடளவு சிலைகள் செய்வார்கள். அதற்கு நல்ல குளிர் வேண்டும். 2023-24 குளிர்காலத்தில் பனியே சரியாக இல்லை. கலுமெட்டில் தொடங்கும் காப்பர்டாக் 150 நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயம் அந்த வருஷம் ரத்தானது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் ஒரு துக்கம் இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தை இங்கே பார்த்தேன்.

ஏப்ரல் சேறு, மே கடைசியில் கடிக்கும் கறுப்பு ஈக்கள். அப்புறம் ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். கோடையில் அசந்துவிடக் கூடாது என்று 2018 ஜூன் 17 எங்களுக்குக் காட்டியது. தந்தையர் தினம், விடிவதற்குள் சில மணி நேரத்தில் ஆறேழு அங்குல மழை. செங்குத்துத் தெருக்கள் ஆறாகி, தார்ச்சாலைகள் பெயர்ந்து கீழே வந்தன. எங்கள் தெருமுனையில் ஒரு காரே விழும் அளவுக்குப் பள்ளம். 200 அங்குலப் பனியைச் சமாளிக்கும் ஊர் அந்த மழைக்குத் திணறியது. அன்றிலிருந்து மழைநீர் வடிகால் வாயில் இலை அடைத்திருந்தால், அது யார் வீட்டு முன்னால் இருந்தாலும் அக்டோபரிலேயே வாரிவிடுகிறேன்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தேன். நேற்றுவரை வடக்கே சாய்ந்திருந்த புகை இப்போது தென்கிழக்கே சாய்கிறது. வெப்பமானி மைனஸ் 7. பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவர் வீட்டுக் குழாயைச் சுற்றியும் ஒரு கழி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய பழைய ஸ்கூப் எங்கள் வாசலில்தான் சாய்ந்து நிற்கிறது. சாயங்காலத்துக்குள் தொடங்கிவிடும்.